குளிர் மறைக்கும் சூடு: மலையில் கணினி ஃபேன் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களிடம் "உள்ளே தூசு எடுத்து எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "இங்கே என்னங்க தூசு? ஊரே ஏசி போட்ட மாதிரி இருக்கு" என்பார்கள். பாதி சரிதான். சமவெளியின் ரோட்டுப் புழுதி இங்கே குறைவு. ஆனால் ஸ்வெட்டர் நூல், கம்பளி ரோமம், கணப்புக் கரி, தேயிலை நார், பேக்கரி மாவு என்று மலைக்கே உரிய சரக்கு ஏராளம். இவை மூடுபனியின் ஈரத்தோடு சேர்ந்து ஹீட்சிங்க் (பிராசஸரின் சூட்டை இழுத்து வெளியே விடும் உலோகத் தகடு அடுக்கு) தகடுகளுக்கு நடுவே படிந்துவிட்டால், ஊதினாலும் பறக்காது. உரித்துத்தான் எடுக்கவேண்டும்.

அதைவிடப் பெரிய தொல்லை, குளிர் இந்த அடைப்பை மறைத்துவிடுவது. கோவையில் இருந்தால் மார்ச் மாதமே அணைந்து அணைந்து போய்க் காட்டிக்கொடுத்திருக்கும் மெஷின், இங்கே வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடும். தெரியவரும்போது அடைப்பு முற்றியிருக்கும். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு சின்னக் கழித்தல் கணக்குப் போட்டுவிடுங்கள்.

முதலில் அந்தக் கணக்கு

பிராசஸரின் சூட்டைக் காட்ட விண்டோஸில் எச்டபிள்யூ இன்ஃபோ, கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. லினக்ஸில் 'சென்சார்ஸ்' கட்டளை போதும். கனமான வேலை ஏதாவது கொடுத்துக் கால் மணி நேரம் ஓடவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரை வைத்து அறையின் சூட்டையும் பாருங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். அந்த வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது.

பிராசஸர் 74 டிகிரி என்று காட்டினால் பலரும் "பரவாயில்லையே" என்பார்கள். அறை 34 டிகிரி உள்ள ஊரில் அது உண்மையிலேயே நல்ல எண். வித்தியாசம் 40 தான். டிசம்பர் மாத ஊட்டியில் அறை 14 டிகிரியில் இருக்கும்போது அதே 74 என்றால் வித்தியாசம் 60. அந்த ஹீட்சிங்க் மூச்சுமுட்டிக்கொண்டிருக்கிறது. சுத்தம் செய்த அன்றே இந்த வித்தியாசத்தை ஒரு சீட்டில் எழுதிக் கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். பிறகு எப்போது பார்த்தாலும் அதைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடியிருந்தால் திறக்கலாம். இல்லாவிட்டால் சும்மா விடலாம். மாதாமாதம் திறந்து நோண்டுவதால் ஒயர் கழன்றதுதான் மிச்சம் என்று ஆகிவிடும்.

இன்னொன்றும் இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பருப்பு வேக நேரமாவதும் இதே மெல்லிய காற்றால்தான். ஃபேன் அதே வேகத்தில் சுற்றி அதே கன அளவு காற்றைத் தள்ளினாலும் அந்தக் காற்றுக்கு எடை குறைவு, ஆகவே அது சுமந்துபோகும் சூடும் குறைவு. சர்வர் அறைகளுக்கு வரையறை வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஆஷ்ரே, ஏ2 வகைச் சாதனங்களுக்கு (சாதாரண சர்வர், பெர்சனல் கம்ப்யூட்டர் போன்றவை) 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும், அறைக்கு அனுமதிக்கும் உச்ச வெப்ப அளவில் ஒரு டிகிரியைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஊட்டிக்கு அது நாலு, நாலரை டிகிரி வரும். கொடைக்கானலுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான். வெளியே குளிர் இருப்பதால் இந்தக் குறை நம் கண்ணுக்குப் படுவதில்லை.

எல்லை எது என்றால், இன்டெல் பிராசஸர்களில் பலவும் 100 டிகிரியில் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். ஏஎம்டி ரைசன் வகைகளில் மாடலைப் பொறுத்து 90, 95 என்று இருக்கும்.

அறிகுறி: காலையில் ஆன் செய்ததும் 'கர்ர்ர்' என்று கத்துகிறது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது

இது தூசு இல்லை. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரிக் காலைகளில் மலிவான ஃபேன்களின் பேரிங்கில் உள்ள எண்ணெய் இறுகிப்போகும். சுழன்று கொஞ்சம் சூடு ஏறியதும் இளகி, சத்தம் அடங்கும். பத்து நிமிடத்தில் அடங்கினால் கவலை வேண்டாம். வெயில் வந்தபிறகும் கத்தினாலோ, ஃபேனைத் தொட்டால் இறக்கை பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். புதிது வாங்கிவிடுங்கள். வாங்கும்போது ஸ்லீவ் பேரிங் வேண்டாம், பால் பேரிங் அல்லது ஃப்ளூயிட் பேரிங் என்று கேட்டு வாங்கினால் குளிருக்குத் தாங்கும்.

புது ஃபேன் ஊரிலிருந்து வந்துசேரும்வரை சமாளிக்க, நடுவில் உள்ள ஸ்டிக்கரை மெல்ல உரித்துத் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடலாம். தேங்காய் எண்ணெயை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது 24 டிகிரிக்குக் கீழே உறையும். நம் ஊரில் அது எண்ணெயாக இருக்கும் நாளே குறைச்சல். பாட்டிலை அடுப்போரம் வைத்துத்தானே தலைக்குத் தேய்க்கிறோம்! அதை ஃபேனுக்குள் விட்டால் மறுநாள் காலை ஃபேன் நகராது.

அறிகுறி: ஃபேன் எந்நேரமும் இரைகிறது, ஒரு கோப்பைத் திறந்தாலே சத்தம் ஏறுகிறது

இதுதான் அசல் அடைப்பு. ஹீட்சிங்க் சூட்டை வெளியே விட முடியாதபோது மதர்போர்டு ஃபேனை விரட்டு விரட்டென்று விரட்டும். கேபினெட்டின் பின்பக்க ஃபேன் முன்னால் ஒரு மெல்லிய டிஷ்யூ தாளைப் பிடியுங்கள். அது வெளிப்பக்கமாக நன்றாகப் படபடத்தால் கேபினெட்டில் காற்றோட்டம் இருக்கிறது, பிராசஸரின் ஹீட்சிங்கைப் பாருங்கள். தாள் சோம்பலாகத் தொங்கினால் முன்பக்கக் காற்று வழியே அடைத்திருக்கிறது, அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

தேயிலை ஃபேக்டரி அலுவலகங்களில் இது வாடிக்கையாக வரும் புகார். "அண்ணா, நேத்துதான் துடைச்சேன், பளபளன்னு இருக்கு பாருங்க" என்று கணக்கர் தம்பி காட்டுவார். வெளியே பளபளப்புத்தான். பக்கக் கதவைக் கழற்றி, பிராசஸரின் மேலுள்ள ஃபேனை மட்டும் தூக்கிப் பார்த்தால் கதை வேறு. தகடுகளின் மேல்பரப்பில் பழுப்பு நிறத்தில் ஒரு படலம், ஃபேனின் வட்டத்தை அப்படியே அச்செடுத்த மாதிரி உட்கார்ந்திருக்கும். ஓரத்தை விரலால் நெருடித் தூக்கினால் கிழியாமல் ஒரே வட்டமாக உரிந்து வரும். மூக்கருகே கொண்டுபோனால் தேயிலை மணம். சலிக்கும் பகுதியில் பறக்கும் மெல்லிய நாரும் இலைத் துகள்களின் நுண் ரோமமும்தான் அது.

அது ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு ஃபேக்டரியிலேயே விடை இருக்கிறது. தூளிலிருந்து நாரைப் பிரிக்கும் மெஷினில் பிளாஸ்டிக் உருளைகள் சுழலும். உரசலில் உண்டாகும் நிலை மின்சாரம் நாரை மட்டும் இழுத்துக்கொள்ளும். கணினி ஃபேனின் இறக்கையும் பிளாஸ்டிக்தான், நாள் முழுக்கக் காற்றோடு உரசுகிறதுதான். அது அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

சரி, சுத்தம் செய்யும் முறைக்கு வருவோம். ஷட் டவுன் செய்து, சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிடுங்கள். யூபிஎஸ்ஸில் செருகியிருந்தால் கரண்ட் போனாலும் அது கொடுத்துக்கொண்டே இருக்கும் என்பதை மறக்கவேண்டாம். பிளக்கை உருவியபிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். ஜனவரி, பிப்ரவரியில் மலைக்காற்று வறண்டு, ஸ்வெட்டரைக் கழற்றும்போது சடசடவென்று பொறி பறக்கும் நாட்களில் இது ரொம்ப முக்கியம். ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டே உட்காருவது இன்னும் நல்லது.

வெயில் இருக்கும் நேரமாகப் பார்த்து, பதினோரு மணியிலிருந்து இரண்டு மணிக்குள், கேபினெட்டை வராந்தாவுக்குக் கொண்டுபோங்கள். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தால் அன்றைக்கு வேண்டாம். படலத்தை முதலில் கையாலோ பிளாஸ்டிக் சாமணத்தாலோ உரித்தெடுங்கள். பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். எடுத்த எடுப்பில் ப்ளோயரால் ஊதினால் படலம் தகடுகளுக்கு அடியில் போய் இறுகிவிடும், பிறகு ஹீட்சிங்கையே கழற்றவேண்டிவரும். உரித்தபிறகு மெல்லிய பெயின்ட் பிரஷால் தகடுகளின் போக்கிலேயே மேலும் கீழும் தேய்த்து, அப்புறம் ஒரு சாண் தூரத்திலிருந்து விட்டு விட்டு ஊதுங்கள்.

ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். விட்டால் அது தன் வேகத்துக்கு மீறிச் சுழன்று பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும். சுழலும் மோட்டார் மின்சாரத்தை உண்டாக்கி மதர்போர்டுக்குள்ளேயே அனுப்பவும் கூடும். இறக்கையின் முன் விளிம்பில் பிசுபிசுப்பான கறுப்புக் கோடு ஒன்று இருக்கும். அது ஊதினால் போகாது. காதுகுடையும் பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு ஒவ்வொரு இறக்கையாகத் துடைக்கவேண்டும்.

பஞ்சர் கடை கம்ப்ரஸர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அழுத்தம் அதிகம் என்பது ஒரு பக்கம் இருக்க, நம் ஊர் ஈரத்தில் அந்தத் தொட்டியின் அடியில் எப்போதும் தண்ணீர் நிற்கும். முதல் ஊதலிலேயே சாரல் அடிக்கும். வீட்டு வாக்யூம் கிளீனரும் வேண்டாம், அதன் பிளாஸ்டிக் மூக்கு நிலை மின்சாரத்தைச் சேர்த்து சிப்பின் தலையில் இறக்கும். கடையில் விற்கும் காற்று டப்பாவைச் செங்குத்தாகப் பிடித்து அடியுங்கள். தலைகீழாகப் பிடித்தால் உறைகுளிர்த் திரவம் பீய்ச்சும், அது பட்ட இடத்தில் உடனே நீர் கோக்கும்.

கணப்பு மூட்டும் வீடுகளிலும் பேக்கரிகளிலும் படலம் வேறு மாதிரி இருக்கும். ஊட்டி வர்க்கி போடும் கடையின் பில்லிங் மெஷினில் மாவும் நெய்ப்புகையும் சேர்ந்து வெளிர் மஞ்சள் மெழுகாகப் பூசியிருக்கும். கணப்பு வீட்டில் கரி. இவை பிரஷுக்கு மசியாது. ஹீட்சிங்கைக் கழற்றி, ஃபேனைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டு, வெறும் உலோகத்தைப் பாத்திரம் துலக்கும் சோப்பும் பழைய டூத் பிரஷும் போட்டுக் கழுவலாம். ஒன்றும் ஆகாது. காயவைப்பதுதான் பாடு. தகடுகளுக்கு நடுவில் ஒரு சொட்டு நீர்கூட இல்லை என்று நிச்சயமான பிறகே திரும்ப மாட்டவேண்டும்.

அறிகுறி: மெதுவாகிறது, பிறகு பட்டென்று அணைந்துபோகிறது

அணைவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று சூடு, இன்னொன்று கரண்ட். மலையில் மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அடிவாங்குவது சகஜம் என்பதால் எல்லாப் பழியும் கரண்டின் மேல் போய்விடுகிறது. பிரித்தறிவது எளிது. வீட்டு விளக்கு மங்கிய நேரத்திலோ, பக்கத்தில் ஹீட்டர் போட்ட நேரத்திலோ அணைந்தால் வோல்டேஜ். விளக்கு அசையாமல் எரிய, வீடியோ ஓடும்போதோ டேலி கணக்கு முடிக்கும்போதோ அணைந்தால், உடனே ஆன் செய்தாலும் மறுபடி அணைந்து, கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒழுங்காக ஓடினால், சூடு. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று ஒரு பதிவு இருக்கும்; அதை வைத்து ஒன்றும் முடிவு கட்டாதீர்கள். சரியாக ஷட் டவுன் ஆகாமல் அணைந்தது என்று மட்டும்தான் அது சொல்லும்.

சூடு என்று தெரிந்தால் முதலில் மேலே சொன்ன சுத்தம். அதோடு கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதன் அடிப்பக்கத்தையும் குனிந்து பாருங்கள். அது தலைகீழாக மாட்டியிருப்பதால் நிமிர்ந்து நிற்பவர் கண்ணுக்கு அதன் ஃபேன் படவே படாது.

அறிகுறி: மலையில் நன்றாக ஓடுகிறது, மேட்டுப்பாளையம் இறங்கினால் அணைகிறது

லேப்டாப்காரர்களின் புகார் இது. கல்லூரி திறந்து பிள்ளை கோவை விடுதிக்குப் போன வாரமே ஃபோன் வரும். "ஊர்ல நல்லாத்தான் இருந்துச்சு, இங்கே ஹாஸ்டல் கரண்ட் சரியில்லை போல" என்று. ஹாஸ்டல் கரண்டைக் குறை சொல்லாதீர்கள். ஊட்டியில் 12 டிகிரி அறையில் 78 காட்டிக்கொண்டிருந்த லேப்டாப்பின் வித்தியாசம் 66. கோவையில் அறை 35. கூட்டினால் 101. கீழே காற்று அடர்த்தியானது என்பதால் சில டிகிரி தள்ளுபடி கிடைக்கும், ஆனாலும் தொண்ணூறுக்கு மேலேதான் நிற்கும். அடைப்பு ஊட்டியிலேயே இருந்தது. குளிர் அதை மூடி வைத்திருந்தது, அவ்வளவுதான். கீழே இறங்கப்போகிறது என்று தெரிந்தால் இறங்கும் முன்பே கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்ப்பது உத்தமம்.

மலை லேப்டாப்புகள் அடைத்துக்கொள்ள முக்கியக் காரணம் ரஜாய். குளிருக்குப் போர்த்திக்கொண்டு, மடியில் கம்பளி, அதன்மேல் லேப்டாப். காற்றை உள்ளிழுக்கும் வாய் அடிப்பக்கத்தில் இருப்பதால் அது கம்பளி ரோமத்தை நேராக உறிஞ்சுகிறது. மடியில் வைத்தே தீரவேண்டும் என்றால் நடுவில் ஒரு பலகையோ கனமான அட்டையோ வையுங்கள்.

லேப்டாப்பில் அடைப்பு எங்கே இருக்கும் என்றால், ஃபேன் காற்றைத் துப்பும் இடத்துக்கும் செப்புத் தகடு வரிசைக்கும் நடுவில். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வெளித்துளை வழியாக ஊதினால் படலம் பின்னால் சாய்ந்து ஃபேன் இறக்கைக்குள் விழும். சில சமயம் ஃபேன் மாட்டிக்கொண்டு நின்றே போகும். அடிமூடியைத் திறப்பதுதான் வழி. ஸ்க்ரூக்கள் நீளமும் குட்டையுமாகக் கலந்து இருக்கும், நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் முடுக்கினால் மேல்பக்கத்தைத் துளைத்துவிடும். ஒரு தாளில் லேப்டாப்பை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஸ்க்ரூவைச் செலோடேப் போட்டு ஒட்டுங்கள். சில மாடல்களில் ரப்பர்க் காலுக்கு அடியிலும் ஒன்று ஒளிந்திருக்கும். திறந்ததும் வேறு எதையும் தொடுமுன் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். ஃபேனின் சின்ன மூடியைக் கழற்றினால் அந்தப் படலம் தகடு வரிசையில் சாய்ந்து நிற்பது தெரியும். சாமணத்தால் எடுத்தால் முழுசாக வரும். வாரன்டி இருந்தால் முதலில் அதன் விதியைப் படித்துவிட்டுத் திறங்கள்.

அறிகுறி: 'சிபியூ ஃபேன் எரர்' என்று திரையில் எழுதி நின்றுவிடுகிறது

ஃபேன் சுற்றவில்லை, அல்லது சுற்றுவது மதர்போர்டுக்குத் தெரியவில்லை. கேபினெட்டைத் திறந்து வைத்து ஆன் செய்து பாருங்கள். சுற்றுகிறது என்றால் ஃபேன் ஒயரை 'சிபியூ ஃபேன்' என்று எழுதிய இடத்தில் செருகாமல் பக்கத்து இடத்தில் செருகியிருப்பார்கள். சுற்றவில்லை என்றால் தூசுக் கட்டியோ தொங்கும் ஒயரோ இறக்கையைத் தடுக்கிறதா பாருங்கள். எலி கடித்த ஒயரும் நம் பக்கம் உண்டு. எஃப்1 அழுத்தினால் தாண்டிப் போகும்தான். ஆனால் ஃபேன் நின்ற மெஷினை அப்படி ஓட்டக்கூடாது.

அறிகுறி: தூசு எடுத்தாயிற்று, சூடு மட்டும் குறையவில்லை, இல்லை கூடிவிட்டது

ஹீட்சிங்கைக் கழற்றி மாட்டியிருந்தால் தெர்மல் பேஸ்ட்தான் (பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பசை) முதல் சந்தேகம். ஒருமுறை பிரித்த பேஸ்ட் மறுபடி உதவாது. காய்ந்ததை ஆல்கஹால் தொட்ட துணியால் இரண்டு பக்கமும் உலோகம் தெரியத் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புதிது வைத்து, ஹீட்சிங்கை நேராக இறக்குங்கள். இட்லிக்கு நெய் ஊற்றுவதுபோல் தாராளம் காட்ட வேண்டாம்.

இன்டெல்லோடு வரும் பழைய வட்ட ஹீட்சிங்கின் நாலு பிளாஸ்டிக் கால்கள் இன்னொரு தகராறு. கழற்ற, அம்புக்குறி காட்டும் திசையில் கால்வட்டம் திருப்பி மேலே இழுக்கவேண்டும். மாட்டும்போது முதலில் அவற்றைப் பழைய நிலைக்குத் திருப்பி வைத்துவிட்டு, எதிரெதிர் மூலையாக 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தவேண்டும். நாலில் ஒன்று சரியாக உட்காராமல் போனாலும் ஹீட்சிங்க் ஒருபக்கம் தூக்கிக்கொள்ளும். சூடு மளமளவென்று ஏறும். மதர்போர்டின் பின்பக்கம் டார்ச் அடித்து நாலு காலும் வெளியே எட்டிப் பார்க்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) வகையில் ஆபத்து வேறு. காலைக் குளிரில் பேஸ்ட் இறுகியிருக்கும்போது ஹீட்சிங்கை நேராக மேலே இழுத்தால் பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு கூடவே வரும், அதன் ஊசிகள் வளையும். மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கை உருவி, கொக்கியை விடுவித்து, ஹீட்சிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகியபடி எடுங்கள்.

ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. சட்டத்தில் குறுக்குக் கம்பிகளும் ஸ்டிக்கரும் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். சில ஃபேன்களில் அம்புக்குறியே போட்டிருக்கும்.

அறிகுறி: மழைக்காலத்தில் ஆன் ஆகவே மாட்டேன் என்கிறது

கூடலூர், பந்தலூர், நடுவட்டம் பக்கம் என்றால் ஜூன் முதல். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்றால் அக்டோபர் முதல். ஃபேன் சுற்றும், திரை மட்டும் கறுப்பாக இருக்கும். உலர்ந்த தூசு மின்சாரத்தைக் கடத்தாது. ஈரம் குடித்த தூசு, அதிலும் கரி கலந்த தூசு, கசியவிடும். சீசன் இல்லாத மாதங்களில் மூடிக்கிடக்கும் காட்டேஜ்களில் இது அதிகம்.

கேபினெட்டைத் திறந்து, ஹீட்டர் போட்ட அறையில் தள்ளிவைத்து அரை நாள் காயவிடுங்கள். ஹேர் டிரையரால் சூடாக ஊதவேண்டாம். காய்ந்தபின் தூசை எடுத்துவிட்டு, ரேமை (நினைவகப் பட்டை) கழற்றி அதன் பொன்னிற ஓரத்தை வெள்ளை ரப்பரால் மென்மையாகத் தேய்த்து, ரப்பர்த் துகளை ஊதிவிட்டு மாட்டுங்கள். பெரும்பாலும் இதிலேயே உயிர் வந்துவிடும். மூடிவைக்கும் மெஷின்களை வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரமாவது ஓட்டச் சொல்லுங்கள், தன் சூட்டிலேயே ஈரத்தை விரட்டிக்கொள்ளும். இரவெல்லாம் காரில் கிடந்த லேப்டாப்பைக் கணப்பு எரியும் அறைக்குக் கொண்டுவந்த உடனே ஆன் செய்வதும் தவறு. உள்ளே நீர் கோத்திருக்கும். ஒரு மணி நேரமாவது பையிலேயே இருக்கட்டும்.

அறிகுறி: கருகல் வாசனை

உடனே பிளக்கை உருவுங்கள். கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். உருவியபிறகும் அதன் கெபாசிட்டர்களில் ஆளை அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். வாசனை இல்லாத சாதாரண நாளில் அதன் வெளிச் சல்லடை வழியாகத் தூசை ஊதி எடுக்கலாம். வாசனை வந்துவிட்டால் மாற்றுவது மட்டும்தான்.

அறிகுறி: சுத்தம் செய்த கொஞ்ச நாளிலேயே மறுபடி அடைத்துக்கொள்கிறது

அப்படியானால் கணினி இருக்கும் இடம் தப்பு. தரையில் வைத்திருந்தால் மேஜைமேல் ஏற்றுங்கள். ரோமமும் கரியும் தரையோடுதான் தவழும். ஜன்னலோரம் வேண்டாம், அங்கே மூடுபனி முதல் விருந்தாளி. பூஜை அலமாரியின் கீழும் வேண்டாம், சாம்பிராணிப் புகை தினமும் பூசும். தேயிலை ஃபேக்டரியில் சலிக்கும் பகுதிக்கும் அலுவலகத்துக்கும் நடுவே உள்ள கதவு திறந்தே கிடந்தால் எத்தனை தடவை சுத்தம் செய்தாலும் வீண். கதவுக்கு ஒரு ஸ்பிரிங் போட்டுத் தானாக மூடவிடுவது, ஃபேன் வாங்குவதைவிட மலிவு.

கேபினெட்டில் காற்றை உள்ளே இழுக்கும் ஃபேன் பலமாகவும் வெளியே தள்ளுவது கொஞ்சம் தணிவாகவும் இருந்தால், காற்று ஃபில்டர் வழியாக மட்டுமே நுழையும். இது தலைகீழாக இருந்தால் ஒவ்வொரு இடுக்கும் தூசை உறிஞ்சும். முன்பக்கம் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனும் அதன் முன்னால் ஒரு நைலான் வலை ஃபில்டரும் போட்டால் ஹீட்சிங்குக்குப் போகும் சரக்கில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். கொசுவலைத் துணி போதுமா என்று கேட்பார்கள்; கம்பளி ரோமத்துக்குப் போதும், தேயிலை நாருக்குப் போதாது.

ஃபில்டரைக் குழாயடியில் கழுவலாம். ஆனால் ஐப்பசி மாதத்தில் கழுவினால் நம் ஊரில் அது காய இரண்டு நாள்கூட ஆகும். ஈரத்தோடு திரும்ப மாட்டினால் அந்த ஈரத்தை ஃபேனே உள்ளே இழுத்து மதர்போர்டில் அடிக்கும். மாற்று ஃபில்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாதவர்கள் அது காயும்வரை வெறுமனே ஓட்டலாம். இரண்டு நாளில் ஒன்றும் அடைத்துவிடாது.